இரு திசையிலும் ஓடும் ஆறு

ஆறு என்பது மேட்டில் பிறந்து, பள்ளம் நாடி இறங்கி, சமுத்திரத்தில் கலப்பது என்று பூகோளப் பாடத்தில் நெட்டுருப் போட்டவர்கள், ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள அடிலெய்டு ஆற்றங்கரையில் ஒரு பகற்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தால், காலையில் கடலை நோக்கி மிதந்து சென்ற மரக்கட்டை ஒன்று பிற்பகலில் ஏறக்குறைய அதே வேகத்தோடு எதிர்த்திசையில் திரும்பி வருவதைக் கண்டு, படித்த பாடத்தின்மீது சந்தேகங்கொள்வார்கள். டார்வின் நகரத்துக்குத் தெற்கே, லிட்ச்ஃபீல்டு மேட்டுநிலத்தில் ஊற்றெடுத்து, வடக்கு முகமாக வளைந்து வளைந்து வந்து, ஆடம் விரிகுடாவில் விழும் இந்த ஆறு, உலகத்துப் பேராறுகளின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கதன்று. ஆனால் அதன் கீழ்ப்பாதியில் கடல் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட எவராலும் இயலாது. நம் சென்னைக் கடற்கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையேயுள்ள உயர வித்தியாசம் 1 மீட்டர் அளவே. டார்வின் துறைமுகத்திலோ பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது 7 மீட்டரையும் கடந்துவிடும். அவ்வளவு ஜலம் நாளொன்றுக்கு இரண்டு முறை ஆற்றின் வாய்க்குள் புகுந்து, நெடுந்தூரம் உள்நாட்டுக்குள் ஏறி, மீண்டும் வடிகிறது. போகும்போதும் வரும்போதும் கரையின் சேற்றைக் கலக்கிக்கொண்டே போவதால், பால் அதிகமாய் விட்ட தேநீரின் நிறத்தில், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாதபடி, ஆறு எப்போதும் கலங்கியே இருக்கும்.

நாள்தோறும் நிகழும் இந்த ஏற்ற வற்றம் ஒரு தாளமென்றால், ஆண்டுக்கொரு முறை நிகழும் மற்றொரு தாளமும் உண்டு. ஆசியாக் கண்டம் குளிர்ந்து கிடக்கும் மாதங்களில், வடகிழக்கிலிருந்து வீசும் காற்று பூமத்தியரேகையைத் தாண்டியதும், பூமியின் சுழற்சியால் திசை திரும்பி வடமேற்குக் காற்றாகி, வட ஆஸ்திரேலியாவுக்கு மழையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. நம் ஊரில் கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி தொடங்கும் சமயத்தில் அங்கே மழைக்காலம் வலுக்கிறது என்று சொன்னால், இரண்டும் ஒரே பெருங்காற்றின் இரு முகங்கள் என்பது வாசகருக்கு எளிதில் விளங்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. மீதி மாதங்களில் பெரும்பாலும் ஒரு துளியும் இல்லை. மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரியாகிவிடும். கோடையில் அதே நிலம் காய்ந்து, கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். ஏனெனில் அது கரிசல் மண். ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியுகத்துக்குப்பின் உயர்ந்து வந்த கடல் ஒரு மட்டத்தில் நிலைத்து நின்றபோது, இப்பிரதேசத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகள் எல்லாம் அலையாத்திக் காடுகளாக இருந்தன; ஓதம் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அக்காடுகளின் காலடியிலேயே படிந்து படிந்து மேடாகி, உப்பு நீரைத் தடுத்து, மரங்களைச் சாகவைத்து, இன்றைய புல்வெளிச் சமவெளியாக மாறிற்று. கோவில்பட்டிக்காரர் ஒருவரைக் கண்ணைக் கட்டிக்கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால், ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்த மாத்திரத்தில், ஊருக்குப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொள்ளவுங்கூடும்.

இவ்விரண்டு தாளங்களையும் யார் சரியாக எண்ணத் தெரிந்துகொண்டார்கள், யார் தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என் வரையில் இந்த ஆற்றின் சரித்திரம்.

ஐரோப்பியர் இந்த ஆற்றைக் கண்டது 1839-இல். சார்லஸ் டார்வினை உலகம் சுற்ற அழைத்துச் சென்ற அதே பீகிள் கப்பல், அவரை இறக்கிவிட்டபின் தன் மூன்றாவது பிரயாணமாக, விக்ஹாம் என்னும் தளபதியின் கீழ் ஆஸ்திரேலியக் கரையோரங்களை அளந்து படம் வரைந்துகொண்டிருந்தது. கப்பலின் படகுகளில் ஒன்றில் ஃபிட்ஸ்மாரிஸ், ஹெல்ப்மன் என்ற இரு அதிகாரிகள் கழிமுகத்தைக் கண்டுபிடித்து உள்ளே புகுந்தார்கள். காலஞ்சென்ற நான்காம் வில்லியம் மன்னரின் மனைவி அடிலெய்டு அரசியின் பெயர் ஆற்றுக்கு வழங்கப்பட்டது. தெற்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் சாலைத் தொலைவில் உள்ள அடிலெய்டு நகரமும் அதே அரசியின் பெயரைச் சுமப்பதால், ஆறு அந்நகரத்தின் வழியே ஓடுவதாக எண்ணிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் பக்கத்துத் துறைமுகத்துக்கு டார்வினின் பெயரைச் சூட்டியதும் இந்தக் கப்பலாரே. அந்தத் துறைமுகத்தை டார்வின் வாழ்நாளில் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

ஆற்றின் வாய்க்கு அருகே 'எஸ்கேப் கிளிஃப்ஸ்' என்று ஒரு குன்றுக்கரை இருக்கிறது. தப்பிப் பிழைத்த குன்று என்று பொருள். அப்பெயர் வந்த கதையைக் கப்பலின் அதிகாரியாயிருந்த ஸ்டோக்ஸ் தமது 1846-ஆம் ஆண்டுப் பிரயாண நூலில் விஸ்தாரமாகவே எழுதியிருக்கிறார். காந்த ஊசிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அவ்விடத்துப் பாறைகளில் இரும்புச் சத்து மிகுதியாக இருந்ததால் ஊசி பிசகும். ஆகவே பாறையின் ஆகர்ஷணம் எட்டாத மணற்பரப்பு ஒன்றைக் குன்றின் அடிவாரத்தில் தேடிப் பிடித்து, ஃபிட்ஸ்மாரிஸும் கீஸ் என்ற மற்றொருவரும் கருவிகளை விரித்துவைத்துக் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி வேலை முடிந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே இருபதடி உயரத்துக் குன்றின் விளிம்பில், ஓங்கிய ஈட்டிகளோடு அந்த மண்ணுக்குரிய மக்கள் கூட்டமாக நின்று, நிலத்தை உதைத்து, முடியைச் சுழற்றி, தாடியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் தரையிலே கிடக்கிறது. அதை எடுக்கக் குனிந்தால் ஈட்டி வரும். ஓடினாலும் ஈட்டி வரும். ஃபிட்ஸ்மாரிஸ் என்ன செய்தார் தெரியுமா? ஆடத் தொடங்கினார். கூச்சலிட்டுக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து, மணலில் நாட்டியமாடினார், கீஸும் சேர்ந்துகொண்டார். மேலே நின்றவர்களின் கோபம் மெல்லத் தணிந்து வேடிக்கையாயிற்று. ஆட்டம் நின்று ஒரு கை துப்பாக்கியின் பக்கம் நீண்டபோதெல்லாம் பன்னிரண்டு ஈட்டிகள் மார்புக்கு நேராக நிமிர்ந்தன. ஆகவே மறுபடியும் ஆட்டம். அருகே ஒரு படகு வந்து ஒதுங்கி, மேலிருந்தவர்களின் கவனத்தைத் திருப்பும் வரைக்கும் இந்த இருவரும் உயிருக்காக ஆடினார்கள்.

ஸ்டோக்ஸ் இதைத் தம்முடைய ஆட்களின் சமயோசித புத்திக்கு உதாரணமாகச் சொல்லி மகிழ்கிறார். குன்றின்மேல் நின்றவர்கள் அன்றிரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து இதே கதையை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதை எழுதிவைக்க அங்கே யாரும் இல்லை. கழிமுகத்துக்குரிய வுல்னா மக்களின் பக்கத்தில் இந்தக் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கடல்வழியே வந்தவர்கள் இப்படியென்றால், தரைவழியே தெற்கிலிருந்து வந்தவர் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட். கண்டத்தின் பாலைவனத்தைக் குறுக்கே கடந்து, 1862 ஜூலை 24 அன்று, இந்த ஆற்றின் வாய்க்குச் சற்றுக் கிழக்கே கடலைத் தொட்டு, வாக்குக் கொடுத்திருந்தபடி முகத்தையும் கால்களையும் உப்பு நீரில் கழுவிக்கொண்டார். அவர் கொண்டுபோன செய்தியால் உற்சாகமடைந்த தெற்கு ஆஸ்திரேலிய அரசாங்கம், தன் முதல் பிரதமராயிருந்த ஃபின்னிஸ் என்பவரையே தலைவராக்கி, ஆற்றின் வாயில் நகரமொன்றை நிர்மாணிக்க 1864-இல் கப்பல் ஏற்றிற்று. ஃபின்னிஸ் தேர்ந்தெடுத்த இடம், அந்த நாட்டியம் நடந்த அதே குன்றுக்கரை! மழைக்காலத்தில் பின்புறமெல்லாம் சதுப்பு. ஓதம் வற்றினால் முன்புறமெல்லாம் சேறு. சரக்கை இறக்கவும் வழியில்லை, பயிர் வைக்கவும் வழியில்லை. வந்தவர்கள் தலைவரோடு சண்டை பிடித்தார்கள். 7 பேர் சேர்ந்து ஒரு சிறு திறந்த படகை வாங்கி, அதற்கு 'கைவிட்ட நம்பிக்கை' என்ற பொருளில் பெயரும் வைத்து, 1865-இல் கண்டத்தின் மேற்குக் கரையை ஒட்டியே இறங்கி, சாம்பியன் விரிகுடா வரை போய்ச் சேர்ந்தார்கள். மறு ஆண்டில், வேறு நல்ல இடம் பார்த்துச் சொல்லும்படி அனுப்பப்பட்ட மக்கின்லே என்பவர் கிழக்கு அலிகேட்டர் ஆற்று வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, வந்த குதிரைகளையே கொன்று, மரச்சட்டத்தின்மேல் அவற்றின் தோலைப் போர்த்திப் படகாக்கி, நாற்றமெடுத்த அந்தத் தோணியில் கடலோரமாக மிதந்து குன்றுக்கரைக்குத் திரும்பினார். முதலைகள் நிறைந்த நீரில் பச்சைத் தோலால் ஆன படகு! 1867 பிறப்பதற்கும் குடியேற்றம் கைவிடப்படுவதற்கும் சரியாக இருந்தது. 1869-இல் நில அளவையாளர் கோய்டர் வந்து, ஆற்றை விட்டு விலகி, ஆழமான துறைமுகத்தின் கரையிலே மனைகளை அளந்தார். அதுவே இன்றைய டார்வின்.

ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிற்றூர், கழிமுகத்தில் இல்லை. மேலே, நன்னீர் ஓடும் பகுதியில், டார்வினுக்குத் தெற்கே 110 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. சில நூறு பேர் வசிக்கும் அந்த ஊர், தந்திக் கம்பியும் ரயில் பாதையும் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்ததால் உண்டானது. 1872 ஆகஸ்டில் பூர்த்தியான அந்தத் தந்திக் கம்பி நமக்கும் ஒருவகையில் உறவு. லண்டனிலிருந்து புறப்பட்ட செய்தி இந்தியாவைக் கடந்து, சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடியில் போடப்பட்ட கம்பியில் ஓடி, ஜாவா வழியாக டார்வினில் கரையேறி, இந்த ஆற்றைத் தாண்டித்தான் தெற்கு நகரங்களுக்குப் போயிற்று. 1889-இல் ரயில் வந்தது. பாதை போட்ட கூலிகளில் பெரும்பாலோர் சீனர். அதன்பிறகு 50 ஆண்டுகளுக்கு இந்த ஊரைப்பற்றி எழுத அதிகமில்லை.

1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின்மீது இருமுறை குண்டு பொழிந்தன; 230 பேருக்கு மேல் மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கி, அந்தப் பீதியில் சென்னைப் பட்டணமே பாதி காலியாகும்படி செய்ததும் ஜப்பானியக் கடற்படைதான். டார்வினிலிருந்து காரிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் ஜனங்கள் தெற்கே ஓடிய ஓட்டத்துக்கு, குதிரைப் பந்தயத்துக்கு வைப்பதுபோல 'அடிலெய்டு ரிவர் கோப்பை' என்ற பாங்கில் கேலிப் பெயர் ஒன்று நிலைத்துவிட்டது. அந்தச் சிற்றூர் ராணுவத் தளமாகவும் மருத்துவமனையாகவும் பெருத்து, போர் முடிந்ததும் மீண்டும் சுருங்கியது. 400-க்கும் மேற்பட்ட படைவீரர் கல்லறைகள் ஆற்றங்கரையில் வெட்டிய புல்லுக்கு நடுவே வரிசையாக இருக்கின்றன. பதுங்கு குழியின்மேல் குண்டு விழுந்து இறந்த டார்வின் தபால் நிலைய ஊழியர்களும் அங்கேதான் துயில்கிறார்கள். ரயில் 1976-இல் நின்றுவிட்டது. இப்போது அவ்வூரின் விடுதியில், 'குரோகடைல் டண்டி' என்ற திரைப்படத்தில் நடித்த எருமை ஒன்று பாடம் செய்யப்பட்டு நிற்கிறது. வழிப்போக்கர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அதனோடும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நெல்லைப்பற்றிச் சொல்லாமல் மேலே போகத் தமிழில் எழுதுகிறவனுக்கு மனம் வராது. 1950-களின் நடுவில், ஆற்றின் கீழ்ச் சமவெளியில் ஹம்ப்டி டூ என்னும் இடத்தில், அமெரிக்க முதலீட்டோடு பிரமாண்டமான நெற்பண்ணைத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. கரிசல் மண், அளவில்லா மழை, தட்டை நிலம், பக்கத்திலே அரிசி தின்னும் ஆசியா. காகிதத்தில் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. பாசனத்துக்காக 1956-இல் ஃபாக் அணை கட்டப்பட்டது. ஆனால் நம் தஞ்சாவூர் மிராசுதார் ஒருவரைக் கேட்டிருந்தால், தண்ணீர் நிறைய இருப்பது வேறு, வேண்டும்போது வரவிட்டு வேண்டாதபோது வடிப்பது வேறு என்று முதல் நாளே சொல்லியிருப்பார். மழை வந்தால் வயல் முழுகிற்று, வடிகால் இல்லை, சில இடங்களில் அடிமண்ணின் உப்பு மேலே வந்தது. இவற்றோடு பட்சிகளும் சேர்ந்துகொண்டன.

கறுப்பு வெள்ளை இறகும், தலையில் புடைப்பும், பாதி மட்டுமே சவ்வு சேர்ந்த விரல்களும் கொண்டு, வாத்தும் அல்லாத தாராவும் அல்லாத தனிப் பிராணி ஒன்று இச்சமவெளியில் லட்சக்கணக்கில் வாழ்கிறது. ஆங்கிலேயர் அதற்கு 'மேக்பை கூஸ்' என்று பெயரிட்டார்கள். வாத்தினக் குடும்பத்தின் ஆதிக் கிளையொன்று எப்போதோ பிரிந்து போய், மற்ற உறவெல்லாம் அழிந்தபின் எஞ்சி நிற்கும் ஒற்றை வாரிசு அது. பெரும்பாலும் ஓர் ஆணும் இரண்டு பெண்களுமாகக் குடித்தனம் நடத்தும். இரு தாய்களும் ஒரே கூட்டில் முட்டையிட்டு, மூவரும் முறைவைத்து அடைகாத்து, குஞ்சுகளுக்கு அலகோடு அலகு வைத்து ஊட்டும். வாத்தினத்தில் குஞ்சுக்கு ஊட்டுவது மிக அபூர்வம். அந்தக் குஞ்சு தின்பது என்ன? நெல்! பயிரிட்ட நெல் அல்ல. வடமொழியில் நீவாரம் என்றும் தமிழில் குளநெல் என்றும் நாம் சொல்லும் வகையைச் சேர்ந்த காட்டு நெல் இச்சமவெளியில் தானாகவே முளைத்து, மழைக்காலக் கடைசியில் கதிர் முற்றி உதிர்கிறது. அந்த உதிர்காலத்துக்குத் தக்கபடிதான் அப்பறவை கூடு கட்டுகிறது. கோடையில் வற்றும் சேற்றைக் கொக்கிபோன்ற அலகால் கிளறிக் கோரைக்கிழங்கைத் தின்று காலந்தள்ளும். தலைமுறை தலைமுறையாக நெல்லும் கோரையும் தின்று பழகிய ஒரு ஜந்துவின் வாசலிலே கொண்டுபோய் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விதைநெல்லைத் தெளித்துவிட்டு, அது தின்றுவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டார்கள் பண்ணைக்காரர்கள். 1960-களின் தொடக்கத்தில் திட்டம் மூடப்பட்டது. பழி முழுவதையும் பறவையின்மேல் போடுவது அந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. உண்மையில் நீர் நிர்வாகமே முதற்குற்றவாளி. ஃபாக் அணை பறவைகளுக்குச் சொந்தமாயிற்று. கோடையிலும் வற்றாத அந்த நீரில் தாமரையும் அல்லியும் படர்ந்து கிடக்கின்றன.

அந்த அணையின் கரையில் இரவில் விளக்கோடு நடந்து கணக்கெடுத்த விஞ்ஞானிகள், ரிக் ஷைன் என்பவரும் அவருடைய சகாக்களும், கண்டது இன்னும் விசித்திரம். அணைக்கருகே வாழும் நீர் மலைப்பாம்புகள் மீனையோ தவளையையோ அல்ல, கரிசல் வெடிப்புகளுக்குள் குடியிருக்கும் ஒருவகைக் கறுத்த எலிகளையே பிரதானமாக நம்பியிருக்கின்றன. மழை பெய்து வெடிப்புகள் மூடிக்கொண்டு நிலம் முழுகும்போது எலிகள் ஆற்றோர மேடுகளுக்கு ஓடும். பாம்புகளும், சில 12 கிலோமீட்டர் வரை பிரயாணம் செய்து, பின்னாலேயே போகும். கோடை வந்ததும் இரண்டும் திரும்பும். 2007 மார்ச்சில் வந்த பெருவெள்ளம் மேடுகளையும் முழுக அடித்தபோது எலிகள் அநேகமாகத் துடைக்கப்பட்டன. அடுத்த மாதங்களில் பாம்புகள் எலும்பெடுத்துப் பட்டினியால் மடிந்தன.

இதற்குள் வேறொரு விருந்தாளியும் வந்து சேர்ந்திருந்தது. கரும்புப் பயிரைத் தின்னும் வண்டுகளை ஒழிப்பதாகச் சொல்லி 1935-இல் ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட தேரை, வண்டை விட்டுவிட்டு நாட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே பரவி, 2005-ஐ ஒட்டி அடிலெய்டு ஆற்றை எட்டிற்று. அது வந்து சேரும் நாளை எதிர்பார்த்து அணைக்கரையில் காத்திருந்த ஆராய்ச்சியாளர்கள், முதன்முதல் வந்த தேரைகளைப் பிடித்துக் காலை அளந்தார்கள். பின்னால் வந்தவற்றையும் அளந்தார்கள். முன்னோடிகளின் கால்கள் நீளம்! நீளக் காலுள்ளவை முன்னணியில் போய், முன்னணியிலேயே தம்முள் கூடி, இன்னும் நீளக் காலுள்ள சந்ததியைப் பெறுகின்றன. ஆரம்பத்தில் ஆண்டுக்குப் பத்து கிலோமீட்டராயிருந்த படையெடுப்பின் வேகம் ஐம்பதாக உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கடித்த உடும்புகள் அதன் தோலிலுள்ள விஷத்தால் கூட்டங்கூட்டமாகச் செத்தன. தப்பிய பாம்பு ஒன்று உண்டு. நம் குளத்து நீரில் தலை நீட்டும் தண்ணீர்ப் பாம்புக்கு உறவான அது, ஆசியாவில் தேரைகளோடு வாழ்ந்த முன்னோரிடமிருந்து வந்ததாகையால், விஷத்தைச் சகித்துக்கொள்ளும் உடலைக் கொண்டிருக்கிறது.

ஆற்றுக்குள் இறங்கினால் முதலில் நமக்குத் தெரிந்த முகமே தென்படும். அந்நாட்டார் 'பாராமுண்டி' என்று பெயர் சொல்லித் தூண்டிலோடு உலகின் நாற்புறத்திலிருந்தும் தேடி வரும் மீன், நம் மீன்காரம்மா கூடையில் வைத்து விற்கும் கொடுவாதான். சாதியும் அதுவே, இனமும் அதுவே. கழிமுகத்து உப்பு நீரில் பொரிந்த குஞ்சு, மழைக்கால வெள்ளத்தோடு ஏறி, சமவெளிக் குட்டைகளில் இரை மிகுதியால் மளமளவென்று வளர்ந்து, மூன்று நான்கு வயதில் ஆணாக முதிர்ந்து, இனம் பெருக்கக் கழிமுகத்துக்கு இறங்கிவருகிறது. பின்னர், ஆறேழு வயதை ஒட்டி, அதே மீன் பெண்ணாக மாறிவிடுகிறது! பெரிய கொடுவாவை வாங்கி அறுத்தால்தான் வயிற்றில் சினை கிடைக்கும், சின்னதில் எதிர்பார்க்க வேண்டாம் என்று மீன் வாங்கிப் பழகிய வீடுகளில் தெரிந்த விஷயத்துக்குப் பின்னால் இருப்பது இந்த மாற்றந்தான். உடல் பெருத்தால் முட்டையும் பெருகும். ஆகவே சிறியதாயிருக்கையில் தந்தையாகவும், பெரியதான பின் தாயாகவும் இருப்பது கணக்குக்கு லாபம்.

ஆற்றின் அதிபதி யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய்வந்தவர்கள், கம்பிக்கப்பால் கல்லைப்போல் கிடக்கும் உவர்நீர் முதலையைப் பார்த்திருக்கலாம். அந்த இனத்தின் ஆண்கள் 5 மீட்டரையும் தாண்டி வளரும். உப்பு நீரில் வாழும் பிராணிக்கு உடலில் சேரும் உப்பை எப்படி வெளியேற்றுவது என்பது பெரிய பிரச்னை. முதலையின் சிறுநீரகத்துக்கு அந்தத் திறமை போதாது. விடையை 1981-இல் டாப்ளினும் கிரிக்கும் முதலையின் நாக்கிலே கண்டார்கள். நாக்கின் மேற்பரப்பிலுள்ள சிறு சுரப்பிகள் உப்பை வடித்துத் துப்புகின்றன. கலங்கல் நீரில் கண் பயன்படாதென்பதால், தாடையின் ஓரமெங்கும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும் நுண்ணுணர்வு உறுப்புகள், நீரின் மிகச் சிறு அசைவையும் அதற்குச் சொல்லிவிடும். மழைக்காலத்தில் தாய் புல்லையும் சேற்றையும் குவித்து மேடு கட்டி 50 முட்டைகளை ஒட்டி இடுகிறது. அழுகும் புல்லின் சூடே அடைகாக்கும் சூடு. 31, 32 டிகிரிச் சூட்டில் பொரிபவற்றில் ஆண்கள் அதிகம். அதற்குக் கீழேயும் மேலேயும் பெண்கள். ஆனால் மேட்டைக் கட்டும் அதே மழை, ஆற்றைப் பெருக்கி மேட்டை முழுக்கியும் விடும். அப்படி அழிகிற முட்டைகளே பெரும்பகுதி. பொரியும் வேளையில் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சு கத்தும்; தாய் மேட்டைப் பிரித்து, மாட்டை நொறுக்கும் அதே வாயில் குஞ்சுகளை ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோய் விடுகிறது.

போருக்குப்பின் மிஞ்சிக் கிடந்த துப்பாக்கிகளும், ஐரோப்பியச் சீமாட்டிகளின் கைப்பைத் தேவையும் சேர்ந்து 25 ஆண்டுகளில் இவ்வினத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டன. வட பிரதேசத்தில் சில ஆயிரமே எஞ்சியபோது 1971-இல் வேட்டை தடை செய்யப்பட்டது. அதன்பின் கிரஹாம் வெப் முதலியோர் வகுத்த ஏற்பாடு விசித்திரமானது. காட்டிலுள்ள முட்டைகளை அளவோடு சேகரித்துப் பண்ணைக்கு விற்கலாம், நிலத்துக்காரருக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்றார்கள். எப்படியும் வெள்ளத்தில் அழுகப்போகிற முட்டைகளுக்கு விலை கிடைத்ததும், முதலை இருப்பது நஷ்டமென்று எண்ணியவர்கள் லாபமென்று எண்ணத் தொடங்கினார்கள். இன்று அப்பிரதேசத்தில் சுமார் 1 லட்சம் முதலைகள். ஆற்றில் குளிக்க இனி யாருக்கும் தைரியமில்லை. தைரியம் இருப்பவரைப்பற்றிப் பத்திரிகையில் செய்தி வரும்.

டார்வினிலிருந்து கிழக்கே செல்லும் ஆர்னம் நெடுஞ்சாலைப் பாலத்தருகே படகுகள் காத்திருக்கின்றன. படகோட்டி கழியின் நுனியில் ஒரு துண்டு மாமிசத்தைக் கட்டி நீருக்குமேல் ஆட்டுகிறான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பத்தடிக்கப்பால் இரண்டு மேடுகள், கண்கள், அவையும் மறைந்துபோகின்றன. சற்றுப் பொறுத்து, படகின் ஓரத்தில், அலையெழாமல் தலை நிமிர்கிறது. வால் ஒரு சொடுக்குச் சொடுக்க, முன்னங்கால்கள் உடம்போடு ஒட்டியபடியே, மனிதனைவிட உயரமான மஞ்சள் வயிறு முழுவதும் செங்குத்தாக நீரைவிட்டு மேலே வருகிறது. வாய் மூடும் ஓசை, பெட்டி மூடியைப் பலமாக அறைந்ததுபோல் இருக்கும். இந்த ஆற்றில் புரூட்டஸ் என்று பெயர் பெற்ற கிழ முதலைக்கு முன்னங்கால் ஒன்று கிடையாது. சுறா கடித்துவிட்டது என்பது படகோட்டிகள் சொல்லும் கதை. மெய்யோ பொய்யோ, 2014-இல் அதே புரூட்டஸ் வாயில் ஒரு சுறாவைக் கவ்விக்கொண்டு கரையொதுங்கிய படம் உலகமெங்கும் அச்சாயிற்று.

ஆற்றில் சுறா இருப்பது படகோட்டியின் கற்பனை அன்று. காளைச் சுறாவைத் தவிர, ஈட்டிப்பல் சுறா என்று இன்னொன்றும் இங்கே உண்டு. கங்கையின் அபூர்வச் சுறாவுக்கு ஒன்றுவிட்ட உறவான அதை, எங்கே பிடித்ததென்றே தெரியாத ஒரு பாடம் செய்த குட்டியை வைத்துக்கொண்டு, முல்லர், ஹென்லே என்ற இரு ஜெர்மானியர் முதன்முதல் வர்ணித்தது 1839-இல். பீகிள் படகு இந்தக் கழிமுகத்துக்குள் புகுந்த அதே ஆண்டு. வட ஆஸ்திரேலியாவிலும் பப்புவாவிலும் மிகச் சில ஆறுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கும் அந்த இனத்தின் புகலிடங்களில் அடிலெய்டு ஆறு ஒன்று. அதன் கண்கள் சிறியவை. கலங்கலில் அவற்றால் பெரிய பிரயோஜனமும் இல்லை. குட்டிகள் ஆற்றோட்டத்தை எதிர்த்து நீந்துவதில்லை. ஓதம் ஏறும்போது அதனோடு மேலே போகின்றன, வற்றும்போது அதனோடு கீழே வருகின்றன, காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பும் அந்த மரக்கட்டையைப் போலவே, அதற்குச் சற்றுக் கீழே, யார் கண்ணுக்கும் தெரியாமல்.